பன்னாட்டுக் கம்பனியும் அதன் தலைமை நகரும்

வாணிகம் ஒரு நாட்டின் எல்லைக்குள் நிற்கும்வரை அதன் தலைமையகம் எங்கே இருத்தல் வேண்டும் என்பது பெரியதொரு வினாவன்று. உரிமையாளர் வாழும் ஊரிலோ, தொழிற்சாலை அமைந்த ஊரிலோ, துறைமுகத்தை அடுத்தோ அஃது அமையும். அதைப்பற்றி எவரும் வாதிடுவதில்லை. ஆயின், ஒரு கம்பனி பல நாடுகளிற் பொருளைச் செய்து, அவற்றினும் பல நாடுகளில் அதனை விற்று, உலகமெங்கும் பங்குதாரரைக் கொண்டு விளங்கும்போது, அதன் தலை எந்நகரில் இருத்தல் தகும் என்னும் வினா அரசாங்கங்களையே அசைக்கும் ஆற்றலைப் பெற்றுவிடுகின்றது. 2018ஆம் ஆண்டில், சவர்க்காரமும் தேயிலையும் விற்கும் ஒரு கம்பனியின் முகவரி காரணமாக நெதர்லாந்தின் பிரதம மந்திரி தம் அரசாங்கம் அளித்த வாக்குறுதியை மீளப்பெற நேர்ந்தது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிந்தால், தலைமை நகரைத் தெரிதல் என்பதன் உள்ளியல்பு நமக்கு விளங்கும்.

இவ்வினாவுக்குப் பாடநூல்கள் தரும் விடை எளியது. விமான நிலையம் அண்மையில் இருத்தல் வேண்டும்; ஆங்கிலம் அறிந்த ஊழியர் கிடைத்தல் வேண்டும்; வங்கிகளும் சட்டவறிஞரும் கணக்காய்வாளரும் அருகிருத்தல் வேண்டும்; வாடகை மிகையாகாதிருத்தல் வேண்டும்; அயல்நாடுகளிலிருந்து வரும் அதிகாரிகளின் பிள்ளைகளுக்கேற்ற பாடசாலைகள் இருத்தல் வேண்டும். இவையெல்லாம் மெய்யே. ஆயின், இலண்டன், அம்ஸ்டர்டாம், பாரிஸ், பிரசெல்ஸ், டப்ளின், சூரிச், ஜெனீவா ஆகிய நகரங்களை இவ்வளவைகளால் அளந்து பார்ப்பின், அவை ஒன்றுக்கொன்று பெரிதும் தாழ்ந்தவையல்ல என்பது புலனாகும். வாடகை மிகுந்த நகரில் வங்கிகள் மிகுந்திருக்கும். வாடகை குறைந்த நகரில் விமானங்கள் குறைந்திருக்கும். துலாக்கோல் ஏறத்தாழச் சமனாகவே நிற்கும். அதனைச் சாய்ப்பது, கம்பனியானது எந்நாட்டுச் சட்டத்துக்கும் எந்நாட்டு வரிக்கும் அடங்கி நடக்க விரும்புகின்றது என்பதும், அவ்விருப்பத்துக்கு அதன் பங்குதாரர் இசைவார்களா என்பதுமேயாம். அறிக்கைகளில் விமான நிலையத்தையும் பாடசாலைகளையும் முதலில் எழுதுவர். அவை எழுதுதற்கு நாகரிகமானவை.

தலைமையகம் என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது பதிவிடம், அஃதாவது, எந்நாட்டுச் சட்டத்தின்கீழ்க் கம்பனி பிறந்ததோ அந்நாட்டிலுள்ள அதன் சட்டமுகவரி. இரண்டாவது வரிவதிவிடம், எந்நாட்டு இறைவரி அதிகாரி அதனைத் தம் நாட்டு வாசியென்று கொள்கின்றாரோ அவ்விடம். மூன்றாவது பணியிடம், தலைவரும் அவர்தம் உதவியாளரும் நாள்தோறும் வந்து அமர்ந்து தொழில் பார்க்கும் கட்டடம். ஒரு மனிதனுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஓரூரிலும், வரிக்கோவை வேறோரூரிலும், வீடு மற்றோரூரிலும் இருக்கலாமன்றோ? அவ்வாறே கம்பனிக்கும் இம்மூன்றும் மூன்று நாடுகளில் இருத்தல் கூடும். நகரங்களின் போட்டியைப்பற்றிய செய்திகளைப் படிப்போர் பெரும்பாலும் இம்மூன்றையும் ஒன்றாகக் கொண்டு மயங்குகின்றனர்.

தலைமையிடம்பற்றிய பூசல் புதியதுமன்று. யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1602இல் நிறுவப்பட்டபோதே இப்பூசல் இருந்தது. அக்கம்பனி அம்ஸ்டர்டாம், மிடில்பேர்க், டெல்ஃப்ட், றொட்டர்டாம், ஹோர்ண், என்கௌசன் ஆகிய ஆறு நகர வணிகரின் கூட்டு. மூலதனத்திற் பாதிக்கு மேல் அம்ஸ்டர்டாம் நகரத்தார் கொடுத்தது. எனினும், 'பதினேழு கனவான்கள்' எனப்பட்ட பணிப்பாளர் சபையில் அவர்களுக்கு எட்டு இருக்கைகளே அளிக்கப்பட்டன. ஒன்பது அளித்தால் ஏனை ஐந்து நகரங்களும் வெறும் பார்வையாளராகிவிடும் என்ற அச்சமே காரணம். சபை ஆறாண்டுகள் அம்ஸ்டர்டாமிலும், அடுத்த ஈராண்டுகள் மிடில்பேர்க்கிலுமாக மாறிமாறிக் கூடிற்று. நம் கோட்டையிலிருந்த கொமாண்டர் கொழும்பிலிருந்த தேசாதிபதிக்கும், தேசாதிபதி பத்தாவியாவுக்கும், பத்தாவியா அப்பதினேழு கனவான்களுக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. அவர்கள் அவ்வாண்டு எந்நகரிற் கூடுகின்றனர் என்பது யாழ்ப்பாணத்து யானை வணிகனுக்குத் தெரிந்திருக்க இடமில்லை. யானையின் விலையை முடிவுசெய்யும் அதிகாரம் அங்கேதான் சென்று முடிந்தது.

சட்டத்தில் இம்மயக்கத்தைத் தெளிவித்த வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் 1906இல் தீர்க்கப்பட்டது. டி பியர்ஸ் என்னும் வைரக் கம்பனி தென்னாபிரிக்காவிற் பதிவுபெற்றது. அதன் சுரங்கங்கள் ஆங்கிருந்தன. தலைமை அலுவலகமும் கிம்பர்லியில் இருந்தது. பங்குதாரர் பொதுக்கூட்டமும் அங்கேயே நடைபெற்றது. ஆயின், பணிப்பாளருட் பெரும்பாலார் இங்கிலாந்தில் வாழ்ந்தனர். வைரத்தை யாருக்கு என்ன விலைக்கு விற்பது, இலாபத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பன போன்ற முதன்மையான முடிவுகளெல்லாம் இலண்டன் கூட்டங்களிலேயே எடுக்கப்பட்டன. கம்பனி எங்கே வதிகின்றது? மண்ணைத் தோண்டும் இடத்திலன்று, மத்திய முகாமையும் கட்டுப்பாடும் உண்மையில் நிகழும் இடத்திலே என்று சபை தீர்த்தது. அதனால் இங்கிலாந்து வரி விதிக்க முடிந்தது. பொதுநலவாய நாடுகள் பலவற்றின் வரிச்சட்டங்களில் இக்கருத்து வேரூன்றியது. இலங்கையின் சட்டமும் ஒரு கம்பனியின் வதிவிடத்தைத் துணியும்போது பதிவிடத்தோடு முகாமையும் கட்டுப்பாடும் நிகழும் இடத்தையும் நோக்குகின்றது.

இவ்விதி ஒருபுறம் வரிவாங்குவோருக்குக் கருவியாயிற்று. மறுபுறம், கட்டுப்பாட்டை வேறிடத்துக்கு நகர்த்தினால் வரியும் நகரும் என்று கம்பனிகளுக்கு வழிகாட்டியுமாயிற்று. ஐக்கிய அமெரிக்காவோ பதிவிடத்தையே பார்க்கும். இவ்விரு விதிகளுக்கும் நடுவில் ஒருவன் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அப்பிள் கம்பனி 1980இல் அயர்லாந்தின் கோர்க் நகரிற் காலூன்றியது. அதன் கிளைக் கம்பனிகளுட் சில அயர்லாந்தில் பதிவுபெற்றமையால் அமெரிக்கச் சட்டப்படி அமெரிக்க வாசிகளல்ல; முகாமை அமெரிக்காவில் நிகழ்ந்தமையால் அக்காலத்து அயர்லாந்துச் சட்டப்படி அயர்லாந்து வாசிகளுமல்ல. எந்நாட்டிலும் வதியாத கம்பனி! இந்நிலையை அமெரிக்க செனற் சபையின் உபகுழுவொன்று 2013இல் வெளிப்படுத்தியது. அயர்லாந்து பின்னர் தன் சட்டத்தைத் திருத்தியது. 2016இல் ஐரோப்பிய ஆணைக்குழு, அப்பிள் 1,300 கோடி யூரோவை அயர்லாந்துக்குச் செலுத்துதல் வேண்டும் எனக் கட்டளையிட்டபோது, அப்பணம் தனக்கு வேண்டாமென்று அயர்லாந்தே வழக்காடியது. கம்பனிகளை வருந்தி அழைத்த நாடென்னும் பெயரைக் காத்துக்கொள்ள அது விரும்பிற்று. 2024 செப்டெம்பரில் ஐரோப்பிய நீதிமன்று ஆணைக்குழுவின் கட்டளையை உறுதிசெய்தது.

இனி, முதலிற் கூறிய சவர்க்காரக் கம்பனிக்கு வருவோம். யூனிலீவர் எனப்படும் அதனை இலங்கையர் நன்கறிவர்; 1938இல் லீவர் சகோதரர் கம்பனி இங்கே தொழில் தொடங்கியதிலிருந்து சன்லைற் சவர்க்காரம் நம் கிணற்றடிகளை விட்டு அகன்றதில்லை. இங்கிலாந்தின் லீவர் சகோதரரும், ஒல்லாந்தின் மாஜரீன் ஒன்றியமும் ஒரே எண்ணெய்க்கும் கொழுப்புக்குமாகச் சந்தையிற் போட்டியிட்டு அலுத்து, 1930 சனவரி முதலாந் தேதி ஒன்றாயின. இங்கிலாந்தில் ஒன்று, நெதர்லாந்தில் ஒன்று எனத் தாய்க் கம்பனிகள் இரண்டு. இரண்டிலும் அதே பணிப்பாளர். இரண்டின் பங்குதாரருக்கும் சமமான பங்கிலாபம் என்று ஓர் உடன்படிக்கை. இலண்டனிலும் றொட்டர்டாமிலும் தலைமையகங்கள் இருந்தன. இரட்டை வரியைத் தவிர்க்கவும், இரு நாட்டாரின் தன்மானத்தைக் காக்கவும் இவ்வேற்பாடு உதவிற்று. இருதலைப் பறவையாயினும் தொண்ணூறு ஆண்டுகள் பறந்தது என்பதை, ஒரு கம்பனிக்கு ஒரு தலையே வேண்டுமென்று வற்புறுத்துவோர் மறத்தலாகாது.

2017 பெப்ரவரியில் அமெரிக்காவின் கிராப்ட் ஹைன்ஸ் கம்பனி 14,300 கோடி டொலருக்கு யூனிலீவரை வாங்க முன்வந்தது. சில நாட்களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. எனினும், அச்சம் நீங்கவில்லை. இரு தலைகளுடன் இருத்தல் நெகிழ்ச்சிக்குத் தடையென்று கருதிய பணிப்பாளர் சபை, 2018 மார்ச்சு மாதம் றொட்டர்டாமே ஒரே தலைமை நகராகும் என்று அறிவித்தது. பகையாய் வரும் வாங்குவோனை எதிர்க்க நெதர்லாந்துச் சட்டம் கூடுதலான வாய்ப்பளிக்கின்றது. பங்குதாரரோடு ஊழியர் முதலிய பிறர் நலனையும் கருதுமாறு பணிப்பாளரை அது பணிக்கின்றது. இதுவே உட்காரணமென்று பலர் கருதினர். மற்றொரு முடிச்சும் இருந்தது. நெதர்லாந்து பங்கிலாபத்தின்மீது 15 வீத வரியைப் பிடித்துக்கொண்டே கொடுக்கும். இங்கிலாந்தில் அத்தகைய வரி இல்லை. ஆகவே, 2017 அக்டோபரிற் பதவிக்கு வந்த மார்க் ருட்டேயின் கூட்டரசாங்கம் அவ்வரியை ஒழிப்பதாக உறுதியளித்திருந்தது. எந்தக் கட்சியின் தேர்தல் விஞ்ஞாபனத்திலும் இடம்பெறாத திட்டம் அது. அரசியலுக்கு வருமுன் ருட்டே யூனிலீவரிற் பணியாற்றியவர் என்பதை எதிர்க்கட்சியினர் நினைவூட்டத் தவறவில்லை. ஆண்டுக்கு 140 கோடி யூரோ வருமானம் போகுமென்று முதலிற் கணிக்கப்பட்டது. பின்னர் அத்தொகை 190 கோடியாயிற்று. அயல்நாட்டுப் பங்குதாரருக்கு இக்கொடை எதற்கு என்று ஒல்லாந்தர் கேட்டனர்; நியாயமான கேள்வியே.

ஆயின், திட்டத்தை வீழ்த்தியவர் ஒல்லாந்தரல்லர்; இங்கிலாந்தின் பங்குதாரரே. இலண்டன் பங்குச்சந்தையின் நூறு பெருங் கம்பனிகளைக் கொண்ட குறியீட்டெண்ணில் யூனிலீவர் இருந்தது. பதிவிடம் றொட்டர்டாமுக்கு மாறினால் அப்பட்டியலிலிருந்து அது நீங்கும். அப்பட்டியலிலுள்ள கம்பனிகளின் பங்குகளை மட்டுமே வைத்திருக்கக் கடமைப்பட்ட நிதியங்கள் பல உள. மக்களின் ஓய்வூதியச் சேமிப்பு அவற்றிற் கிடக்கின்றது. பட்டியலிலிருந்து பெயர் நீங்கியதும், விலை என்னவாயினும் அவை பங்குகளை விற்றே தீரல் வேண்டும். இங்கிலாந்துப் பக்கத்திலோ 75 வீத வாக்குகள் தேவைப்பட்டன. பெரும் பங்குதாரர் ஒருவர்பின் ஒருவராக எதிர்ப்பை வெளியிட, வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் முன்னர், 2018 அக்டோபர் 5இல் சபை தன் திட்டத்தை மீட்டுக்கொண்டது. அம்மாதமே ருட்டேயின் அரசாங்கமும் வரியொழிப்பைக் கைவிட்டது. மணமகன் வாரானென்று தெரிந்தபின் பந்தலை யார் காத்திருப்பர்? விமான நிலையமும் பாடசாலையும் இக்கதையில் எங்கேயும் தலைகாட்டவில்லை என்பதை மாணவர் குறித்துக்கொள்வாராக.

ஈராண்டுகளின்பின் அதே கம்பனி எதிர்த்திசையில் நடந்தது. 2020 யூன் மாதம், இலண்டன் தாய்க் கம்பனியே எஞ்சும் என அறிவித்தது. தலை ஒன்றாயின் ஒரு தொழிலைப் பிரித்து விற்றல் எளிதாகும் என்பது கூறப்பட்ட காரணம். அப்போது அதன் தேயிலைத் தொழிலின் எதிர்காலம் ஆராயப்பட்டுக்கொண்டிருந்தது. இலங்கை மலைநாட்டிலிருந்து புகழ்பெற்ற லிப்ரன் பெயரும் அதனுள் அடக்கம். 2021இல் அத்தொழிலின் பெரும்பகுதியை 450 கோடி யூரோவுக்கு விற்க உடன்பாடாயிற்று. இதற்கிடையில், நெதர்லாந்துப் பாராளுமன்றத்தின் எதிர்க்கட்சியொன்று, நாட்டைவிட்டு வெளியேறும் பெருங் கம்பனிகளுக்கு 'வெளியேற்ற வரி' விதிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தது. அது சட்டமானால் தமக்கு ஏறத்தாழ 1,100 கோடி யூரோ சுமையாகும், அவ்வாறாயின் மாற்றம் நிகழாது என்று கம்பனி எச்சரித்தது. மசோதா சட்டமாகுமுன்னரே, 2020 நவம்பர் 29இல் இரு தலைகளும் ஒன்றாயின. பணியாளர் எவ்வளவினர் இடம்மாறினர் என்று கேட்பின், மாற்றம் முழுவதும் பத்திரங்களிலேயே நிகழ்ந்தது எனலாம். உணவுப் பிரிவின் தலைமை நெதர்லாந்திலும், ஏனைய சில பிரிவுகளின் தலைமை இங்கிலாந்திலும் முன்போலவே இருந்தன.

ஷெல் எண்ணெய்க் கம்பனியின் கதையும் இதனோடொத்தது; ஆதலாற் சுருங்கக் கூறுவேன். 1907இல் ஒல்லாந்தப் பங்கு அறுபதும் ஆங்கிலப் பங்கு நாற்பதுமாகக் கூடிய அக்கம்பனி, எண்ணெயிருப்பை மிகைப்படுத்திக் கணக்குக் காட்டிய குற்றம் 2004இல் வெளிப்பட்டபின், இரு தலைமையை விட்டு 2005இல் ஒன்றாயிற்று. பதிவிடம் இங்கிலாந்து, வரிவதிவிடமும் பணியிடமும் ஹேக் நகர். ஒல்லாந்தப் பங்கிலாப வரி காரணமாக இருவகைப் பங்குகளை அது வைத்திருக்க நேர்ந்தது. அத்தொல்லையை நீக்கவென்று 2021 நவம்பரில் வரிவதிவிடத்தையும் தலைவரையும் இலண்டனுக்கு மாற்ற முடிவுசெய்து, 2022 சனவரியில் 'றோயல் டச்' என்னும் பழைய அடைமொழியையும் களைந்தது. அதே 2021ஆம் ஆண்டின் மே மாதத்தில், கரிய வாயு வெளியேற்றத்தை 2030க்குள் 45 வீதம் குறைக்குமாறு ஹேக் மாவட்ட நீதிமன்று ஷெல்லுக்குக் கட்டளையிட்டிருந்தது. மாற்றத்துக்கு அத்தீர்ப்புக் காரணமன்று என்றது கம்பனி. 2024 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்று அக்கட்டளையை நீக்கியது. காரணம் எதுவாயினும், ஒரு நகரைத் தெரியும்போது அந்நகரின் நீதிபதிகளையும் சேர்த்தே தெரிகின்றோம் என்பதைப் பிற கம்பனிகள் அப்போது உணர்ந்திருக்கும்.

நாடுகளுக்கிடையே மானப்பிரச்சினை எழும்போது மூன்றாமவர் வீடு கைகொடுக்கும். பிரான்சு, ஜேர்மனி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் விமானத் தொழிலை 2000ஆம் ஆண்டில் ஒன்றாக்கியபோது, பாரிசிற் பதிந்தால் ஜேர்மானியரும் மியூனிக்கிற் பதிந்தால் பிரஞ்சுக்காரரும் சினப்பர். ஆகவே, நெதர்லாந்திற் பதிந்தனர். இன்று எயார்பஸ் எனப்படும் அதன் பதிவிடம் லெய்டன். தலைவர்களும் முதலில் இருவர் இருவராகவே இருந்தனர். 2007இலேதான் அவ்வழக்கம் ஒழிந்தது. பாரிசிலும் மியூனிக்கிலும் பிரிந்துகிடந்த தலைமை அலுவலகங்கள், பின்னர், விமானங்கள் உருவாகும் துலூஸ் நகரில் ஒன்றுகூட்டப்பட்டன. பணியிடம் தொழிற்சாலையை நாடிச் சென்றது. பதிவிடம் நடுவர் வீட்டில் நின்றது. இத்தாலியரும் பிரஞ்சுக்காரரும் கூடிய எஸ்.ரி.மைக்ரோ இலத்திரனியற் கம்பனியும் நெதர்லாந்திற் பதிந்து ஜெனீவாவில் அலுவல் பார்க்கின்றது. ஜேர்மனியிற் பதியும் கம்பனிக்குத் தொழிலாளர் பிரதிநிதித்துவமும் ஒரு கணக்கு: 2,000 பேருக்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட கம்பனியின் மேற்பார்வைச் சபையிற் பாதி இருக்கைகளை ஊழியருக்கு அளிக்கின்றது 1976ஆம் ஆண்டின் சட்டம். சிலர் அதனை நன்மையென்பர். சிலர் அதற்கஞ்சி வேறு நாடு தேடுவர்.

இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகத் துணிந்தபின் யப்பானியக் கம்பனிகள் சில அந்நாட்டைவிட்டுப் பெயர்ந்தன. பனசோனிக் 2018இல் ஐரோப்பியத் தலைமையகத்தை அம்ஸ்டர்டாமுக்கு மாற்றியது. இங்கிலாந்து வரியை மிகக் குறைத்தால் யப்பானிய அரசு அதனை வரிப்புகலிடமாகக் கருதுமோ என்ற கவலையும் அதற்கிருந்தது. வரி குறைவாயிருத்தலும் ஒரு குறையாகலாம் என்பதற்கு நல்ல சான்று. சோனி 2019இற் பதிவிடத்தை மட்டும் நெதர்லாந்துக்கு அனுப்பி, ஊழியரை இங்கிலாந்திலேயே வைத்துக்கொண்டது.

கம்பனியல்லவாயினும், ஒப்பிடத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. இலண்டனிலிருந்த ஐரோப்பிய மருந்து முகவர் நிலையத்தை இடம்மாற்ற வேண்டியபோது 19 நகரங்கள் போட்டியிட்டன. ஏறத்தாழ 900 ஊழியர் அதிற் பணியாற்றினர். எந்நகருக்குச் சென்றால் உடன்வருவீர் என்று ஊழியரையே கேட்டு, ஆட்கள் கலைந்துபோகும் அபாயத்தைக் கணக்கிட்டது அந்நிலையம். கட்டடம், விமானம், பாடசாலை, வாழ்க்கைத்துணைக்கு வேலைவாய்ப்பு என அளவைகளெல்லாம் முறையாக வகுக்கப்பட்டு அறிக்கைகள் குவிந்தன. 2017 நவம்பர் 20இல் மந்திரிகள் வாக்களித்தனர். இறுதியில் மிலானும் அம்ஸ்டர்டாமும் சமனாக நின்றன. திருவுளச்சீட்டு எடுத்து அம்ஸ்டர்டாமைத் துணிந்தனர். அன்றே ஐரோப்பிய வங்கி அதிகாரசபையின் இடத்தையும் பாரிசுக்கும் டப்ளினுக்குமிடையே சீட்டுக் குலுக்கியே பாரிசுக்கு அளித்தனர். நல்ல நகரங்கள் எல்லா அளவைகளிலும் நெருங்கி நிற்கும் என்று மேலே கூறியதற்கு இதனினுஞ் சிறந்த சான்று எனக்குக் கிட்டவில்லை. கம்பனிகளுக்குச் சீட்டெடுக்கும் தேவை எழுவதில்லை. வரியும் சட்டமும் பங்குதாரரும் அவற்றுக்காகச் சீட்டை முன்னரே எடுத்துவிடுகின்றனர்.

யூனிலீவர் தன் குளிர்களித் தொழிலை 2025இல் தனிக் கம்பனியாகப் பிரித்தது. மக்னம் என்னும் பெயர்கொண்ட அக்கம்பனி அம்ஸ்டர்டாமைத் தலைமை நகராகக் கொண்டது. பங்குகள் அம்ஸ்டர்டாம், இலண்டன், நியூயோர்க் ஆகிய மூன்று சந்தைகளிலும் விற்கப்படுகின்றன. 2018இல் றொட்டர்டாமை மறுத்த பங்குதாரருட் பலர் இன்று, தாய்க்கம்பனியின் பங்கை வைத்திருந்தமையால், ஒல்லாந்தக் கம்பனியொன்றின் பங்கையும் கையிற் பெற்றனர். பிரிக்கப்பட்ட சிறு கம்பனியின் முகவரிக்காக எவரும் இம்முறை போர் தொடுக்கவில்லை.